கண் இருந்தால் தண்டு

மூன்றாவது நாளாகவும் அந்தத் துணி தலையணைமேல் கிடந்தது.

உள்ளங்கையில் அடங்கிவிடும் பழைய பனியன் துணி. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் விரல் அகலத்துக்கு ஓர் ஓட்டை உண்டு. எட்டு மாதத்துக்கு முன் அந்தத் துணியைச் சுருட்டித் திருகி ஓட்டைக்குள் அடைத்தவள் அவளேதான். பழைய தண்ணீர்க் குழாய் போன வழி அது. குழாயைப் பிடுங்கியவர் அவள் கணவர். குழாய் வேலைதான் அவருக்குத் தொழில். ஊரார் வீட்டு ஓட்டைகளை எல்லாம் அடைத்துக்கொண்டே இருந்த மனுஷனுக்குச் சொந்த வீட்டு ஓட்டையை அடைக்க நேரம் கிடைக்கவில்லை. ஒருவழியாக நேரம் கிடைத்தபோது மகள் விடவில்லை.

அந்தப் பக்கம் மகளின் அறை. குட்டையாக, உருண்டையாக, ஓர் இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததால் அப்பா அவளுக்கு வைத்த பெயர் பட்டாணி. தனி அறையில் படுக்கமாட்டேன் என்று ஆறு வயதில் அடம்பிடித்தவளைச் சமாதானப்படுத்த அந்த ஓட்டைதான் கைகொடுத்தது. தடுப்புச் சுவர் மெல்லியது. விளக்கை அணைத்ததும் அந்தப் பக்கமிருந்து ஒரு சின்ன விரல் நீளும். இந்தப் பக்கம் படுத்திருக்கும் அம்மா அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தூக்கம் வந்ததும் விரல் தளர்ந்து தானாகவே திரும்பிப் போய்விடும். பத்து வயதுவரை இது நடந்தது. அதற்குமேல் பட்டாணிக்கு வயது ஏறவில்லை.

அவள் துணியை எடுத்தாள். ஈரமாக இருந்தது, நடுவில் விரல் நுழையும் பழைய துளை ஒன்று. முகர்ந்து பார்த்தாள். அப்போதுதான் தோல் சீவிய உருளைக்கிழங்கின் பச்சை வாசனை, அதற்கு அடியில் கொஞ்சம் மண் வாசனை. எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆளில்லாத அறையில் எலி வராமல் வேறு யார் வருவார்கள்? துணியை மறுபடி ஓட்டைக்குள் திணித்து, கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே ஏதோ மெத்தென்று எதிர்த்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

பின்கழுத்து அரித்தது. முடி முடிகிற இடத்தில் ஒரு தடிப்பு வந்து நாலைந்து மாதமாகிறது. சூட்டுக்கட்டி என்று கணவர் களிம்பு தடவிவிடுவார். ஆறும், மறுபடி வரும். காலையில் எழும்போதே அவளுக்கு முந்தைய நாள் முழுக்க மூட்டை தூக்கியதுபோல் களைப்பாக இருந்தது. பசி வயிற்றைப் பிடுங்கியது. இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டும் சேலை இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, மனசுதான் காரணம் என்றார். மனசுக்கு எடை இத்தனை கிலோ என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி வருகிறது. வேறு வீடு பார்த்தாகிவிட்டது. பார்த்தவர் கணவர். பட்டாணியின் சாத்திய கதவைக் கடக்கும்போதெல்லாம் அவர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே நடப்பார். எட்டு மாதமாக அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்து அவருக்கே அலுத்துவிட்டது போலிருக்கிறது. "இங்க இருந்தா நாம ரெண்டு பேரும் தேற மாட்டோம்மா" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். ஆட்டிய தலைக்கு உள்ளே, அந்த அறை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஷூ பெட்டி இருந்தது. அதைத் திறக்காமல் அவளால் இந்த வீட்டைவிட்டுப் போக முடியாது. திறக்கவும் முடியவில்லை.

அன்று, வெள்ளிக்கிழமை, பத்து மணி வாக்கில் குளியலறையிலிருந்து அவர் கூப்பிட்டார்.

"டீச்சர், கொஞ்சம் வாங்களேன். ஒரு அதிசயம் காட்டறேன்."

பள்ளியில் அவள் அறிவியல் டீச்சர். வீட்டில் கேலிக்கும் டீச்சர். நாலு நாளாகக் குளியலறைத் தண்ணீர் சரியாக இறங்கவில்லை. குழாய்க்காரன் வீட்டிலேயே சாக்கடை அடைப்பா என்று பக்கத்து வீட்டார் சிரிப்பதற்குள் சரிசெய்துவிடலாம் என்று அவர் இரும்புச் சுருளை உள்ளே விட்டிருந்தார். பக்கத்தில் இருந்த வாளியில், நனைந்து, வெள்ளையாக, சுருள் சுருளாக என்னவோ கிடந்தது. விரல் பருமன். இழுத்துப் பிடித்தால் ஆள் உயரத்துக்கு வரும்.

"வேர்" என்றார். "கீழ்க் குழாய் முழுக்க இதான் அடைச்சுக்கிட்டு இருக்கு."

"எந்த மரத்து வேரு?"

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சுவரிலிருந்து சுவர்வரை சிமெண்ட் தளம். "அதான் எனக்கும் புரியல. நம்ம வீட்ல மரம்னு சொல்ல இந்தக் கதவு மட்டும்தான் இருக்கு."

அவள் ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். குளிர்ந்திருக்கும் என்று நினைத்தாள். இல்லை. ஒரு சாணுக்கு ஒரு கணு. கணுவுக்குக் கணு நூல் நூலாக வேர் தொங்கியது. ஆனால் ஒவ்வொரு கணுவிலும், வேருக்கு மேலே, மூடிய இமைபோல் ஒரு சின்னப் புடைப்பு இருந்தது. விரல் நுனியால் தடவினாள்.

"இது வேர் இல்லைங்க."

"அட, விடும்மா. இருபது வருஷமா குழாய்க்குள்ள வேர் பிடுங்கறவன் நான். தண்ணி தேடி வந்தா அது வேருதான்."

"கணு இருக்கு பாருங்க. கணுவுல கண் இருக்கு. வேருக்குக் கண் கிடையாது. கண் இருந்தா தண்டு."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தைகள் அவள் காதிலேயே விழுந்தன. அதே வார்த்தைகளை, அதே குரலில், இதே வீட்டில் வேறொருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. இரும்புச் சுருளைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததையே துடைத்தார்.

"நாளைக்கு அந்த ரூமைக் காலி பண்ணணும்" என்றார், சுருளைப் பார்த்தபடி. "நான் பண்ணட்டுமா?"

"வேணாம். நானே பண்றேன்."

பட்டாணி அவள் வகுப்பிலேயே படித்தாள். அம்மாவே டீச்சராக இருந்தால் எத்தனை சௌகரியம் என்று மற்றப் பிள்ளைகள் பொறாமைப்பட்டார்கள். ஒரு சௌகரியமும் இல்லை என்று பட்டாணிக்குத்தான் தெரியும். மகளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, மகளின் தாளை மட்டும் அவள் இரண்டு தடவை திருத்துவாள். அந்தத் தடவை இருபத்தைந்துக்கு இருபத்து நாலு. உருளைக்கிழங்கு ஒரு வேர் என்று எழுதியிருந்தாள்.

"மண்ணுக்குள்ள இருக்கறதெல்லாம் வேர்தானேம்மா?"

"இல்லைடி. மண்ணுக்குள்ள இருந்தாலும் உருளைக்கிழங்கு தண்டுதான். அதுல குழி குழியா இருக்கு பாரு, அதுக்குப் பேரு கண். கண் இருந்தா தண்டு. வேர் இருட்டுக்குள்ளயே கிடக்கும், அதுக்கு அது போதும். தண்டு அப்படி இல்ல. எங்க புதைச்சாலும் வெளிச்சத்துக்கு வரணும்னுதான் பார்க்கும்."

"நீ சும்மா சொல்ற. அரை மார்க்காவது போடு."

"போட மாட்டேன்."

அரை மார்க். அதைப் போட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? எட்டு மாதமாக இதே கேள்வி. அழுது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறுநாள் அப்பாவின் பழைய ஷூ பெட்டியைக் கேட்டு வாங்கினாள் பட்டாணி. பாடப்புத்தகத்தில் உள்ள சோதனைதான். பெட்டிக்குள் அட்டைத் தடுப்புகளை மாற்றி மாற்றி ஒட்டி, ஒரு கோடியில் உருளைக்கிழங்கு, மறு கோடியில் ஒரு துளை. முளை தடுப்புகளைச் சுற்றி வளைந்து வெளிச்சத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் தண்டு, அம்மா ஜெயித்தாள். வராவிட்டால் அந்த மார்க்கைக் கொடுத்துவிட வேண்டும். பெட்டியை அலமாரியில் வைத்து, வெளிச்சத்துக்குக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்ட நாலாவது நாள் காய்ச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். நாலாவது நாள் பட்டாணி கேட்டாள், உதடு காய்ந்து வெடித்திருந்தது. "பெட்டியைப் பார்த்தியாம்மா? முளைச்சிடுச்சா?"

அவள் வீட்டுக்குப் போயிருந்தாள்தான். குளித்துவிட்டு, உடுப்பு எடுத்துக்கொண்டு ஓடிவந்திருந்தாள். பெட்டி ஞாபகமே வரவில்லை.

"முளைச்சிடுச்சு கண்ணு."

"எத்தனை கண்ணு முளைச்சிருக்கு?"

"ஏழு" என்றாள், வாய்க்கு வந்ததை.

பட்டாணி சிரித்தாள். "அப்ப நீதான் ஜெயிச்ச" என்றாள். அதற்குப் பிறகு தூங்கினாள். அந்தத் தூக்கத்திலிருந்து எழவில்லை. ஐந்து நாள் அம்மா அந்தக் காதருகே குனிந்து, கண் திறந்து பாருடி, ஒரே ஒரு தடவை கண் திறந்து பாருடி என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள். கண் திறக்கவில்லை. அவளைப் புதைத்த அன்று, மண்ணைத் தள்ளும்போது, மண்ணுக்குள்ள இருக்கறதெல்லாம் வேர்தானேம்மா என்று யாரோ கேட்டதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை துணி தலையணைமேல் இல்லை. தரையில் கிடந்தது. எறிந்ததுபோல்.

கணவர் புது வீட்டில் குழாய் மாட்டப் போய்விட்டார். சாயங்காலம் வந்துவிடுவதாகச் சொன்னார். அவள் சாமான்களைக் கட்டினாள். சமையலறையைக் கட்டினாள், துணிமணிகளைக் கட்டினாள், கட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி கட்டினாள். உச்சி வெயில் வந்ததும், வழக்கம்போல் பின்கட்டுச் சிமெண்ட் தளத்தில் போய் நின்றாள். ஏன் நிற்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. எட்டு மாதமாக அப்படித்தான். பள்ளியிலும் மதிய இடைவேளையில் மைதானத்து வெயிலில் போய் நின்றுவிடுவாள். "துணி மாதிரி உன்னையே காயப் போட்டிருக்கியா?" என்று அவர் ஒருநாள் கேட்டார். வெயிலில் நின்றால் பசி அடங்கியது. உடம்பு நிறைந்தது. மறுநாள் காலையில் மறுபடி காலியாகிவிடும்.

ஒரு மணிக்குப் பட்டாணியின் கதவைத் திறந்தாள்.

முதலில் வாசனைதான் வந்தது. ஈர மண்ணும், பச்சைக் கிழங்கும், அவற்றுக்கு நடுவே, இத்தனை மாதத்துக்குப் பிறகும் போகாமல், பட்டாணியின் தலையணை உறையில் எப்போதும் இருக்கும் அந்த வேர்வையும் சோப்பும் கலந்த மணம். அதை ஆழமாக மூச்சில் இழுத்தாள். கனத்த திரை இழுத்து விட்டபடியே இருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு கீற்று வெயில் மட்டும் தரையில் நீளமாக விழுந்து கிடந்தது. பள்ளிப் பை, ஒரு செருப்பு, கட்டிலுக்கு அடியில் இன்னொரு செருப்பு. எங்கோ சரசரவென்று, யாரோ நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், எச்சில் தொடாத விரலால் புரட்டுவதுபோல் ஒரு சத்தம். அவள் அசையாமல் நின்றாள். சத்தமும் நின்றது.

கண்ணுக்கு இருட்டுப் பழகியது. சுவர் தெரிந்தது.

சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். சுண்ணாம்பு வெடிப்பு என்று ஒரு கணம் நினைத்தாள். வெடிப்பு வளையாது. அலமாரியின் கீழ்த்தட்டுக் கதவு ஓர் அங்குலம் திறந்திருந்தது. அதிலிருந்து புறப்பட்டு, தரையோடு போய், சுவரில் ஏறி, ஒன்று குளியலறைப் பக்கம், மற்றவை எல்லாம் அவள் படுக்கையறைப் பக்கம். விரல் பருமனில். கணுக் கணுவாக.

அவளுக்குள் இருந்த டீச்சர் உடனே வேலையை ஆரம்பித்துவிட்டாள். பயப்படும்போது பாடம் நடத்துவது அவளுக்குப் பழக்கம். இருட்டில் முளைத்த தண்டு வெளுத்து, நீண்டு, இப்படித்தான் இருக்கும். சரி. கிழங்கில் சேர்த்து வைத்த உணவைத் தின்று வளரும். சரி. அந்த உணவு ஒன்றரை, இரண்டு மாதம் வரும். அதற்குள் வெளிச்சத்தைக் கண்டு இலை விட்டாக வேண்டும். வகுப்பில் கரும்பலகையில் அவள் எழுதிப்போடுவது மூன்றே வரி. வேர் பிடிக்கும். தண்டு சுமக்கும். இலை சமைக்கும். வேரின் வேலை என்ன என்று கேட்டால் பிள்ளைகள் எல்லாரும் தண்ணீர் உறிஞ்சுவது என்பார்கள். முதல் வேலை அது இல்லை, முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடிப்பு இல்லாதவனுக்குத் தண்ணீர் எதற்கு என்று அவள் திருத்துவாள்.

வேர் இருக்கிறது. தண்டு இருக்கிறது. இலை எங்கே?

சுவரைத் தேடினாள். தரையைத் தேடினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. எட்டு மாதம். இலை இல்லாமல் எட்டு மாதம் சமைத்துப் போட்டது யார்?

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொண்டிருந்தாள். வெயில் கீற்று ஜன்னல் பக்கம் விழுகிறது. முளை வெளிச்சத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு முளைகூட அந்தப் பக்கம் போகவில்லை. எல்லாமே ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக, ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்திருந்தன. பட்டாணியின் தலைமாடு. அந்த ஓட்டை.

தண்ணீரைத் தேடினால் வேர். வெளிச்சத்தைத் தேடினால் தண்டு. ஆளைத் தேடினால்? பாடப்புத்தகத்தில் அதற்கு விடை இல்லை.

ஓட்டையின் மறுபக்கம் அவள் தலையணை. அவள் பின்கழுத்து.

கை தானாகக் கழுத்துக்குப் போனது. தடிப்பு. நடுவில் ஒரு சின்னக் குழி. ஈரம்.

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் வெயில், தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருக்கும் சத்தம், பக்கத்து வீட்டு ரேடியோ. கால் கதவுப் பக்கம் திரும்பவில்லை. பயத்தைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அது வெறும் துக்கம். பயம் வந்து போகும். அது எட்டு மாதமாக எழுந்து போகவே இல்லை.

அலமாரியின் முன்னால் மண்டியிட்டாள். கதவை இழுத்தாள்.

பெட்டி உப்பியிருந்தது. பக்கங்கள் வெளியே பிதுங்கி, மூலைகள் கிழிந்திருந்தன. மூடிமேல் சிவப்புப் பேனாவில், அம்மாவின் திருத்துகிற பேனாவைத் திருடி எழுதிய எழுத்து. "திறக்கக் கூடாது. திறந்தால் சோதனை செல்லாது. இப்படிக்கு, ஆராய்ச்சியாளர் பட்டாணி." அவள் அந்த எழுத்தின்மேல் கையை வைத்து அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

மூடியை எடுத்தாள்.

தடுப்பு அட்டைகள் நசுங்கிக் கிடந்தன. கிழங்கு சுருங்கியிருக்க வேண்டும். உள்ளே இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டுத் தோலாகத் தொங்க வேண்டும். சுருங்கவில்லை. கொழுகொழுவென்று, வெளிர் நிறத்தில், பெட்டியை நிறைத்து உட்கார்ந்திருந்தது. தோல் மெல்லியதாக இருந்தது. அவள் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பு. அந்த வளைவு கைக்குத் தெரிந்த வளைவு. பத்து வருஷம் குளிப்பாட்டி, துவட்டி, கைக்குப் பழகிய வளைவு.

கண்களை எண்ணினாள். ஒன்று. இரண்டு. ஐந்து. ஏழு.

ஏழும் மூடியிருந்தன.

"நான் பார்க்கவே இல்லைடி" என்றாள். "வீட்டுக்கு வந்தேன், பெட்டியைப் பார்க்கல. ஏழுன்னு சும்மா சொன்னேன். பொய் சொன்னேன் உன்கிட்ட. அரை மார்க்கு போட்டிருக்கலாம். போடாம விட்டேன். கண்ணு... ஒரே ஒரு தடவை. கண் திறந்து பாருடி."

தோல் அசைந்தது.

முளை வரவில்லை. இமை பிரிந்தது. முதலில் ஒன்று. ஈரம். உள்ளே கருப்பு. பிறகு பக்கத்தில் இருந்தது. பிறகு எல்லாம்.

ஏழும் வெயில் கீற்றைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தன.

அது மகள் இல்லை. அவளுக்குத் தெரியும். தெரிந்தவளுக்குத்தான் அந்தப் பார்வையும் தெரிந்திருந்தது. பள்ளிவிட்டு வந்து, பையைக் கழற்றாமல், சமையலறை வாசலில் நின்று பார்க்கும் பார்வை. பசி.

சரசரப்பு மறுபடி கேட்டது. சுவரில் ஓட்டைக்குள் போயிருந்த முளை ஒன்று பின்வாங்கி, வளைந்து, தரையோடு வந்தது. நுனி அவள் கையருகே நின்றது. தயங்கியது. அவள் ஆள்காட்டி விரலை நீட்டினாள். பெட்டிக்குள்ளிருந்து நூல் நூலாக வேர்கள் ஏறி அவள் மணிக்கட்டைச் சுற்றின. கண் இல்லாத, உண்மையான வேர்கள். பிடித்துக்கொண்டன.

சமைத்துப் போட்டது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. அருவருப்பு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எட்டு மாதமாகப் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டாத கை என்று தினமும் தன் கையையே வெறுத்துக்கொண்டிருந்தவள் அவள். ஊட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மற்றொரு கையால் கூந்தலை ஒதுக்கி, குனிந்தாள்.

வலிக்கவில்லை. கொசு கடிப்பதுபோல் ஒரு சுருக்கு, அவ்வளவுதான். பிறகு உடம்பிலிருந்து வெயில் வடிய ஆரம்பித்தது. மெதுவாக. கால், இடுப்பு, நெஞ்சு. திரையோரத்துக் கீற்று தரையில் நகர்ந்து, கட்டில் காலைத் தொட்டு, மஞ்சளாகி, மங்கியது. அவள் நகரவில்லை. அலமாரிக் கதவில் சாய்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கனப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் கணவரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"எங்கம்மா இருக்க? விளக்குகூடப் போடாம?"

நடை வந்தது. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு வரும் நடை. கதவு திறந்திருப்பது கண்ணில் பட்டிருக்க வேண்டும். நடை நின்றது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் அந்த அறைக்குள் பார்த்தார்.

அவர் கத்தவில்லை. தொழில்காரர். எங்கே கசிவு என்று கண் தேடியது. சுவர், தரை, பெட்டி, பெட்டியிலிருந்து மேலே ஏறி அவள் கூந்தலுக்குள் போகும் வெள்ளைத் தண்டு. ஓடிப்போய்க் கருவிப் பையிலிருந்து ரம்பத்தை எடுத்துவந்தார். மண்டியிட்டார். தண்டைக் கையில் பிடித்தார். அதற்குள் ஏதோ ஓடிக்கொண்டிருப்பது அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிறதா, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தொட்டே சொல்லிவிடுகிற விரல்.

"என்னம்மா இது? என்னடி இது?"

"கண் திறந்துடுச்சுங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "பாருங்க."

அவர் பெட்டிக்குள் பார்த்தார்.

ரம்பத்தை உயர்த்தினார். அவள் கழுத்துப் பக்கம் கொண்டுவந்தார். எடுத்தார். பெட்டிப் பக்கம் கொண்டுபோனார். எடுத்தார். எந்த வீட்டிலும் எந்த வால்வை மூடுவது என்று யோசித்து நின்றறியாத மனுஷன்.

"எந்தப் பக்கம்டி வெட்டறது?" என்று அழுதார். "நீ டீச்சர்தானே. சொல்லேன். எந்தப் பக்கம் வெட்டினா யாரு..."

அவளுக்கு விடை தெரியும். பாடத்தில் உள்ளதுதான்: எங்கே வெட்டினாலும் இலை இல்லாத பக்கம்தான் பட்டுப்போகும். அவள் சொல்லவில்லை.

அவர் யாரை விட்டுவைக்கப் போகிறார் என்று, இமைக்காமல், ஏழு கண்ணும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தன.